லக்சாவுக்கு ஒரு நாக்கு, நாவலுக்கு ஒரு நாக்கா?

படித்த புத்தகத்தைப் பற்றி மனத்தில் பட்டதைப் பட்டபடி சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? கதைகளைத் தரம் பிரித்துப் பத்திரிகையில் போட்ட நாடு இது. அந்தத் துணிவு எங்கே போனது?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் நின்று யாரிடமாவது லக்சா என்ற நூடுல்ஸ் உணவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குழம்பில் மீன் குறைந்துவிட்டது, புளி தூக்கலாக இருக்கிறது, அந்தக் கடையில் அப்பா இருந்தபோது இருந்த கைமணம் மகனுக்கு வரவில்லை என்று வரிசையாகத் தீர்ப்பு விழும். 2011-இல் சி.என்.என். நிறுவனத்தின் பயணப் பிரிவு உலகின் சுவையான 50 உணவுகளைப் பட்டியலிட்டபோது பினாங்கு அசாம் லக்சா 7-ஆவது இடத்தில் வந்தது. அதற்கும் இங்கே ஒருமித்த மகிழ்ச்சி இல்லை. எந்தக் கடை லக்சாவைச் சாப்பிட்டுவிட்டு அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்றுதான் கேட்டார்கள். நாக்கு விஷயத்தில் பினாங்குக்காரரை ஏமாற்ற முடியாது.

அதே மனிதரிடம், தெரிந்த எழுத்தாளர் ஒருவரின் புது நாவலைக் கையில் கொடுத்து இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள். "நல்லா இருக்குங்க. நல்ல முயற்சி" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. படித்தாரா, பிடித்ததா, பாதியில் வைத்துவிட்டாரா, எதுவும் தெரியாது.

முதல் நூல், உறை, ஆய்வுரை

இந்த மௌனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் ஒரு தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் கடையில் விற்பதில்லை. வெளியீட்டு விழாவில்தான் விற்கிறது. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை முடிந்ததும் பிரமுகர் ஒருவர் 'முதல் நூலை'ப் பெற்றுக்கொள்வார். அதற்கு அவர் கொடுக்கும் தொகையை மேடையிலேயே அறிவிப்பார்கள், கைதட்டல் எழும். பிறகு மற்றவர்கள் வரிசையில் வந்து, 50 வெள்ளியோ 100 வெள்ளியோ உறையில் வைத்துக் கொடுத்து, எழுத்தாளரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கிப் போவார்கள். அச்சுக்கூலி அப்படித்தான் தேறுகிறது. எழுத்தாளர் கடனாளியாகாமல் தப்புவதும் அப்படித்தான். ஆகவே அந்த விழாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புத்தகம் அங்கே மொய்யாகிவிடுகிறது. மொய் வைத்த வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று யார் சொல்வார்கள்?

'நூலாய்வு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பார்கள். பேசுகிறவர் தமக்கும் எழுத்தாளருக்கும் உள்ள நட்பிலிருந்து தொடங்குவார். அட்டைப்படத்தைப் பாராட்டுவார். நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வரும்போதுதான் கதைக்குள் நுழைவார். இது இன்று முளைத்த பழக்கமும் இல்லை. புகழ்ந்து பாடும் சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் வாங்கிச் சேர்த்து நூலை வெளியிட்ட பரம்பரை நாம். ஆனால் அதே பரம்பரையில் அரங்கேற்றமும் இருந்தது. அவையில் எவரும் தடை எழுப்பலாம். நூல் செய்தவர் விடை சொல்லியாக வேண்டும். கந்தபுராணத்தின் முதல் அடியிலேயே புணர்ச்சி இலக்கணத்தைக் காட்டித் தடை எழுப்பினார்கள் என்று கதை சொல்வார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தோம் போலிருக்கிறது.

தரம் பிரித்த காலம்

பாராட்டை மட்டும்தான் கொண்டுவந்தோம் என்றும் உண்மையில் சொல்லிவிட முடியாது. 1950-இல், கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எப்படி எழுதுவது என்று பத்திரிகை வழியாகப் பாடம், பிறகு தேர்வு, தேறியவர்களைத் தரம் பிரித்து அறிவிப்பு. தோட்டப்புறத்து இளைஞர்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் எழுத்து எந்தத் தரம் என்று ஊரறியத் தெரிந்துகொள்ளத் தயாராக இருந்தார்கள் என்பதுதான் இதில் வியப்பு. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் ஒரு தலைமுறையே அங்கிருந்து புறப்பட்டது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

எழுதுகிறவருக்கு மட்டும் பயிற்சி போதாது என்று சுப. நாராயணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1952-இல் சிங்கப்பூர் 'தமிழ் முரசி'ல் 'ரசனை வகுப்பு' தொடங்கினார். இது வாசகருக்கான வகுப்பு. ஒரு கதையில் எது தேறியது, எது தேறவில்லை என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது. ஏறக்குறைய அதே காலத்தில் புதுமைப்பித்தன் கதைகளை முன்வைத்துச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. 1951–52-இல் நடந்த அந்தச் சர்ச்சையை ஆய்வாளர் பால பாஸ்கரன் பின்னாளில் தேடித் தொகுத்திருக்கிறார். கடல் கடந்த ஊரில், இறந்து சில ஆண்டுகளே ஆன ஓர் எழுத்தாளர் உயர்ந்தவரா இல்லையா என்று பெயர் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள்!

அந்தச் சூட்டோடு சூடாகத் தமிழ்நாட்டிலிருந்து 'தமிழ் நேச'னுக்கு ஆசிரியராக வந்தவர் கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கே இருந்த அவர், தரம் இல்லாததைத் தயவு பார்க்காமல் ஒதுக்கினார். இலக்கிய வட்டம் அமைத்து, வெளிவந்த கதைகளைக் கூடிப் பேச வைத்தார். பிறகு எழுபதுகளில் அதே நாளிதழ் பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல கதைக்குத் தங்கக் காசு. சென்னையில் 1970 முதல் 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு மாதம் ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்து வந்ததற்கு இது இந்தக் கரையின் ஜோடி.

பினாங்கின் பங்குக்கு ஒருவர் போதும்: ரெ. கார்த்திகேசு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியர். நாவலாசிரியர். அதோடு, வந்த புத்தகங்களைப் படித்து அபிப்பிராயம் எழுதுவதைக் கடமையாக வைத்திருந்தவர். 'விமர்சன முகம்' என்று தொகுப்பே உண்டு. பல போட்டிகளுக்கு நடுவராக இருந்தார். 2016-இல் அவர் காலமானபோது, பினாங்கு எழுத்தாளர்கள் ஒரு நல்ல வாசகரையும் சேர்த்தே இழந்தார்கள். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேச'னும் 2019-இல் நின்றுபோனது.

வேறு இடங்களில் விளக்கு எரியாமல் இல்லை. பினாங்குப் பாலம் தாண்டிக் கூலிமில் நவீன இலக்கியக் களத்தார் கூடிப் படைப்புகளை விவாதித்திருக்கிறார்கள். 'வல்லினம்' இதழ் முகத்துக்கு நேரே விமர்சனம் எழுதிப் பகையும் மதிப்பும் சம்பாதித்திருக்கிறது. அதன் ஆசிரியர் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020 இறுதியில் உள்துறை அமைச்சு தடை செய்தது. அந்தச் சமயத்தில் நடந்த பேச்சு பெரும்பாலும் நாவலில் வரும் வசைச்சொற்களைச் சுற்றியே ஓடியது. 1981-இல் கெடா மாநிலம் லுனாஸில் விஷச் சாராயம் குடித்துத் தோட்டத் தொழிலாளர்கள் மாண்டதை அந்த நாவல் எடுத்துக்கொண்டதே, அதைச் சரியாகச் செய்ததா என்ற கேள்வி ஓரத்தில் நின்றது.

ஐந்து நட்சத்திரத்தின் கணக்கு

இப்போது நாளிதழின் இடத்தில் கைபேசி இருக்கிறது. புலனம் எனும் வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப்படம் வருகிறது; கீழே கைகூப்பும் படங்கள் வரிசை கட்டுகின்றன. இளையவர்கள் குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தில் நட்சத்திரம் போடுகிறார்கள். 2007-இல் வந்த அந்தத் தளத்தை 2013-இல் அமேசான் வாங்கியது. அங்கே 2 நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை'. 3 என்றால் 'பிடித்தது' என்றே பொருள் வைத்திருக்கிறார்கள். ஆனால் தெரிந்த எழுத்தாளருக்கு 3 போட்டுப் பாருங்கள். அடுத்த கல்யாணத்தில் முகம் திருப்பிக்கொள்வார். அதனால் எல்லாரும் 5 போடுகிறோம். எல்லாருக்கும் 5 என்றால் ஒருவருக்கும் எதுவும் போடவில்லை என்றுதான் அர்த்தம். சில நூறு பிரதி அச்சாகும் மொழியில், ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பேர் நட்சத்திரம் போட்டால் அதில் நான்கு சொந்தக்காரர்களுடையதாக இருக்கும்.

பெரிய மொழியிலும் இந்த எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. பலாஷ் கோவாச், அமண்டா ஷார்க்கி என்ற ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரிசு பெற்ற, அல்லது இறுதிப் பட்டியலோடு நின்ற 64 ஆங்கிலப் புத்தகங்களுக்கு வந்த 38,817 வாசகர் மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தார்கள். பரிசு கிடைத்த புத்தகங்களுக்கு, கிடைத்த பிறகு மதிப்பெண் இறங்கியிருந்தது! பரிசுச் செய்தி கேட்டு, வழக்கமாக அந்த மாதிரிப் புத்தகம் படிக்காதவர்களும் வாங்கினார்கள். அவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, படித்த ஆள் மாறினார். 2023 ஜூனில் இன்னும் மோசம். எலிசபெத் கில்பர்ட்டின் புது நாவல் ரஷ்யாவில் நடக்கிறது என்பதற்காக, அச்சில் வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார்.

ஒரு கணக்குப் புத்தகம்

ஆயர் ஈத்தாமில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நீள வாக்கில் இருக்கும் பழைய கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். முதல் கட்டத்தில் புத்தகத்தின் பெயர், அடுத்து பத்துக்கு எத்தனை, அடுத்து காரணம், கடைசியில் 'யாருக்கு' என்று ஒரு கட்டம். பச்சை மையில் எழுத்து. மதிப்பெண் மட்டும் சிவப்பு.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' பக்கத்தில் 7 போட்டிருந்தார். 'கதையை மிஞ்சிச் செய்தி நிற்கிறது. தாத்தா கதை கேட்காத பிள்ளைகளுக்குக் கட்டாயம்.' சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' பக்கத்தில் 6 அடிக்கப்பட்டு 8 ஆகியிருந்தது. 'தோட்டத்துப் பேச்சு பிடிபட நாளாயிற்று. அவசரக்காரருக்கு வேண்டாம்.' ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம கால'த்துக்கும் 8. புற்றுநோயை நடுவில் வைத்த நாவல் அது. கடைசிக் கட்டத்தில், 'வீட்டில் நோயாளி இருப்பவர் இப்போது எடுக்க வேண்டாம், பிறகு படிக்கட்டும்.'

"ஐயா, இதை எழுதினவங்ககிட்டக் காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? நான் அவங்களுக்கா மார்க் போட்டேன்? அடுத்துப் படிக்கிறவனுக்குப் போட்டேன்" என்றார்.

நாம் சிக்கிக்கொண்டிருக்கும் இடத்தை அவர் ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். எழுத்தாளரை நோக்கிப் பேசும்வரை அபிப்பிராயம் ஒன்று மரியாதையாகும், இல்லையென்றால் வசையாகும். அடுத்த வாசகரை நோக்கிப் பேசினால்தான் அது தகவலாகும். எண்ணுக்குப் பக்கத்தில் காரணமும், காரணத்துக்குப் பக்கத்தில் ஆளும் இருந்தால் 6 என்பது யாருக்கும் அவமானமாகாது.

ஆறு மாதம் கழித்து

வெளியீட்டு விழா இருக்கட்டும், உறையும் இருக்கட்டும். அதோடு ஒன்றைச் சேர்க்கலாம். புத்தகம் வாங்கிப் போனவர்களை ஆறு மாதம் கழித்துத் தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றிலோ கோவில் மண்டபத்திலோ மறுபடி கூப்பிட வேண்டும். பொன்னாடை, முன்னுரை எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரும் மூன்றே விஷயம் சொல்லட்டும்: எத்தனை மதிப்பெண், எந்தப் பக்கத்தை வைத்து, யாருக்குக் கொடுக்கலாம். எழுத்தாளர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். எல்லாரும் முடித்த பிறகு விடை சொல்லட்டும். பழைய அரங்கேற்றமும் ரசனை வகுப்பும் சேர்ந்த ஒரு கூட்டம் அது.

கூட்டம் சேராது என்பார்கள். விழாவுக்கு வந்த இருநூறு பேரில் எட்டுப் பேர் வந்தால் அதிகம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் புத்தகத்தைப் படித்திருப்பார்கள்.