ஒரு டீ-சர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு

கறுப்பு டீ-சர்ட் ஒன்றுக்குச் சாயம் ஏற்ற ஒரு கைப்பிடி உப்பு வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் மாஸ்டர் இதை எனக்கு மூட்டைக்குள் கைவிட்டு அள்ளியே காட்டினார். பக்கத்தில் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தால், ஈரத் துணி கயிறாகத் திரண்டு சாயத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வருவது தெரிந்தது.

"இந்த உப்பு அத்தனையும் துணியில ஏறிருங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு கல்லுகூட ஏறாதுங்க. சாயத்தத் துணியில ஏத்திவிட்டுட்டு, அது அப்படியே தண்ணியோட வெளிய வந்துரும்."

பருத்தி நூலும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும். உப்பைப் போட்டால் அந்த விலகல் தணிந்து சாயம் நூலில் போய் ஒட்டும். பிறகு சோடா சேர்த்து அதை நிலைக்க வைப்பார்கள். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பு, கருநீலம் என்று வந்துவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம், சில நேரம் அதற்கு மேலும் விழும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு. துணி அலசலுக்குப் போய், காய்ந்து, தைக்கப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிவிடும். உப்பு ஊரிலேயே தங்கிவிடும்.

வெளிநாட்டு பிராண்டுகளின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளையும், நீடித்த வளர்ச்சி பற்றிய வழுவழுப்பான புத்தகங்களையும் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். இந்த உப்பு யார் கணக்கு என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் வாசிக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. எண்பதுகளில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தது. சாயப்பட்டறைகள் ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் வரிசையாக எழுந்தன. கீழே, ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை வேண்டும் என்று கேட்டு வாங்கிய விவசாயிகளே, அந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது.

ஆற்றில் ஓடிய நிறத்தைத்தான் எல்லோரும் படம் பிடித்தார்கள். நிறம் கண்ணில் படும், பத்திரிகையில் அச்சாகும். ஆனால் நிலத்தைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது அரசு விதி. வெளியே போன தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு இருந்தது.

அணைக்குப் பக்கத்து ஊரில் ஒரு விவசாயி தன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "மாடுகிட்ட கெணத்துத் தண்ணியத் தொட்டில வெச்சா, மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும்ங்க தம்பி. எளநியக் குடிச்சா உப்புக் கரிக்கும். மாட்ட வித்தோம், அப்புறம் பையன பனியன் கம்பெனிக்கு அனுப்புனோம்." கிணற்றைக் கெடுத்த தொழிலுக்கே மகனையும் அனுப்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே காலத்தில் இழப்பை மதிப்பிட்ட ஆணையம் ஒன்று, 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்க்குள். ஒரு போர்வெல் போடக்கூடக் காணாத காசு. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று கெடு விதித்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்போதும் முழுதாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. துணியைச் சாயமேற்ற வெளி மாவட்டத்துக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரி ஏற்றினார்கள். அறைகளைக் காலி செய்துகொண்டு தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள்.

இந்தக் காலவரிசையை ஒரு காரணத்துக்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். இந்த இருபது ஆண்டுகளிலும் திருப்பூரிலிருந்து சரக்கு எடுத்த ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களிடம் நன்னடத்தை விதிகள் இருந்தன. ஆடிட்டர்கள் வந்துபோனார்கள். நொய்யலைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த விதிகள் இல்லை; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீதிமன்றப் படியேறிய விவசாயிகள். பெரிய பிராண்டுகள் தங்கள் துணியால் ஆறுகளுக்கு நேரும் கேட்டைப் பற்றி வரிசையாக உறுதிமொழி கொடுக்கத் தொடங்கியது, சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் 2011 ஜூலையில் 'டீடாக்ஸ்' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு. அதற்கு ஆறு மாதம் முன்பே திருப்பூரின் மெஷின்கள் நின்றுபோயிருந்தன.

அதற்குப் பிறகு ஊர் செய்து காட்டியது பெரிய காரியம், அதை மனதாரச் சொல்லவேண்டும். தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் கடன் மேல் கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையங்களை மாற்றிக் கட்டினார்கள். கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகிறது, பிறகு ஆர்.ஓ. மிகப் பெரும்பகுதி தண்ணீர் அங்கேயே நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிச்சமிருக்கும் உப்புநீரை வடிகட்டி, சாயத்துக்கே மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதிலும் மிஞ்சுவதை இவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாகப் பிரிக்கிறார்கள். நான் பார்த்த நிலையத்தில், தண்ணீர்க் குழாயின் ஒரு முனையில் கருஞ்சிவப்பாக வந்தது மறுமுனையில் கண்ணாடி டம்ளரில் தெளிந்து நின்றது. அங்கே வேலை பார்க்கும் இளைஞர் அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

இத்தனை பெரிய சாயத் தொழில் ஊர் ஒன்று கழிவுநீரே வெளிவிடாத முறைக்கு மாறியது நாட்டில் திருப்பூரில்தான் முதலில். ஆனால் இந்தப் பணியை விலையில் சேர்க்க வழியில்லை.

ஓர் ஏற்றுமதியாளர் தன் காஸ்டிங் ஷீட்டை என் முன்னால் விரித்தார். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிரின்ட், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கடைசியில் லாபம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு 'சாயம்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறது. பையர் பேரம் பேசும்போது நூல் விலையில் கைவைக்க முடியாது. அது சந்தை விலை. அதனால் விரல் சாயத்துக்கும் தையலுக்கும்தான் நகர்கிறது. "வேற நாட்டுல இந்த ரேட்டுக்குத் தர்றாங்க" என்பார்கள். அந்த வேறு நாட்டில் சுத்திகரித்த தண்ணீரை ஆற்றில் விடலாம். உப்புநீரை ஆவியாக்க விறகும் நிலக்கரியும் எரிக்க வேண்டியதில்லை. இரண்டு டீ-சர்ட்டையும் டாலரில் மட்டும் ஒப்பிட்டால் நொய்யலைக் காப்பாற்றிய ஊர் தோற்றுப்போகும். இன்றும் மழை நாளில் நொய்யலில் நுரை பொங்கினால் யாரோ இரவில் சாயக்கழிவைத் திறந்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வருகிறது. அப்படித் திறந்துவிடுபவர்களை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் திறந்துவிட்டால் மிச்சமாகும் காசு, அந்தக் காஸ்டிங் ஷீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட காசுதான்.

விலையைக் கூட்டாமல் பிராண்டுகள் நம்பச் சொல்லும் சான்றிதழ்கள் என்னவாகின என்பதை நம் பக்கத்து நாடுகளில் பார்த்துவிட்டோம். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தொழிலாளர் பாதுகாப்புக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சவாரில் இடிந்து விழுந்த ராணா பிளாசாவில் 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது.

ராணா பிளாசாவுக்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு நம்பிக்கை. தொழிற்சங்கங்களும் இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளும் தீ, கட்டடப் பாதுகாப்புக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்துவது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். சரிசெய்ய ஆகும் செலவுக்கு வழிசெய்வதும் பிராண்டின் கடமை என்று அதில் எழுதியிருந்தது. 2022-ல் திண்டுக்கல்லில், ஆலைப் பெண்கள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்க அங்கே ஒரு தொழிற்சங்கம் வாங்கிய ஒப்பந்தமும் இதே வகை. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் சரக்கு எடுக்கும் பிராண்ட் வியாபாரத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றது அது. அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் ஓர் இளம் பெண்ணின் கொலை இருந்தது. தையல் மெஷினில் உட்காரும் பெண்களே சங்கமாகத் திரண்டு அதைப் பெற்றார்கள்.

நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை வருகிறது, ஏரி தூர்வாரப்படுகிறது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அது லாபம் பார்த்த பிறகு கொடுப்பது. லாபம் எந்த வழியில் வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அதைவிட விரிவான ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2025-லேயே அமலாக்கத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டது. பிரஸ்ஸல்ஸில் ஒத்திவைப்பது எளிது. ஆனால் திருப்பூரில் இவாப்பரேட்டரை ஒரு நாள் நிறுத்தினாலும் தொட்டி நிரம்பிவிடும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தைத்து முடித்துப் பெட்டியில் அடைத்த சரக்கைக்கூட வேண்டாம் என்று பல வெளிநாட்டு நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பின. அந்தத் துணிக்குச் சாயமேற்றிய உப்பு அதற்குள் கழிவுநீரிலிருந்து பிரித்து, மூட்டை கட்டப்பட்டிருந்தது. அதற்கான மின் கட்டணத்தையும் விறகுச் செலவையும் எந்த பிராண்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பிராண்டுகளிடம் நான் கேட்பது, ஆர்டர் தாளில் 'தண்ணீர்' என்று தனியாக ஒரு வரி. சுத்திகரிப்புக்கு லிட்டருக்கு ஆகும் செலவு அதில் வரட்டும். அதில் பேரம் கூடாது. நூல் விலையைச் சந்தை விலை என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்கு, நொய்யலின் விலையையும் அப்படி ஒப்புக்கொள்வது முடியாத காரியமில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. சாயத்துக்குத் திரும்பப் பயன்படும் நல்ல உப்பு தனியாகப் பிரிந்துவிடும். இது எதற்கும் ஆகாத கலப்பு உப்பு, பழுப்பும் சாம்பலுமாக. விற்கவும் முடியாது, கொட்டவும் கூடாது. கீழ் வரிசையில் சில சாக்குகள் நைந்து, தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரக்காற்றில் கசியுமோ என்று அந்த இளைஞர் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். பிறகு மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, மூலையில் ஒரு கல்லை வைத்தார்.