வைகையைக் காப்பாற்ற ஊர் இறங்கினால் போதுமா? அரசு–மக்கள் கூட்டு எங்கே ஜெயிக்குது, எங்கே சிக்குது?

ஆவணி மாதம் மதுரையில் புட்டுத் திருவிழா. கதை எல்லாருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம், கரை உடைப்பு. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கணும்னு பாண்டிய மன்னன் உத்தரவு போட்டார். அனுப்ப ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவபெருமானே மண் சுமக்க வந்தார். பிரம்படியும் பட்டார்.

பக்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், இது ஒரு மராமத்துக் கதை. அரசு கரையை அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறது, ஊர் உழைப்பைத் தருகிறது. இன்றைக்கு அரசாணைகளில் இதற்கு 'மக்கள் பங்களிப்பு' என்று பேர். வந்திக்கு இருந்த பிரச்சினையும் அப்படியே இருக்கு: வேலையில் பங்கு கட்டாயம், முடிவில் பங்கு உண்டா?

ஆறுகளைக் காப்பாற்ற அரசும் மக்களும் கைகோர்க்கணும்னு எல்லா மேடையிலும் சொல்றாங்க. கைகோர்த்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான், மதுரையில், குறிப்பாக பரவை மாதிரி நகர ஓரத்து ஊர்களில், எது நடக்கும் எது நடக்காது என்று புரியும்.

ஆறு என்றால் ஆறு மட்டும் இல்லை

வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுமார் 258 கிலோமீட்டர் ஓடுகிறது வைகை. மற்ற ஆறுகள் மாதிரி நேராகக் கடலுக்குப் போய்ச் சேருவதில்லை. கடைசியில் அது போய் நிற்பது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. வழி நெடுக கண்மாய்களை நிரப்பிக்கொண்டே போகிற ஆறு இது.

கண்மாய்களும் தனித்தனி குளங்கள் இல்லை. ஒரு கண்மாய் நிரம்பி கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அது கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஒரு வரத்துக் கால்வாயை யாராவது மூடி வீடு கட்டிவிட்டால், கீழே உள்ள ஊர்கள் எல்லாம் காயும். அல்லது மழை வலுத்தால் அந்த வீட்டுக்குள்ளேயே தண்ணி வரும். 2024 அக்டோபர் கனமழையில் செல்லூர் பகுதி மக்கள் பார்த்தது இதைத்தான்.

பரவை, திண்டுக்கல் ரோட்டில் மதுரைக்கு மேற்கு வாசல் மாதிரி. காய்கறி மார்க்கெட்டாலும் முனியம்மா பாட்டியாலும் வெளியூருக்குத் தெரிந்த ஊர். ஆற்றின் வடகரைப் பக்கம் இருக்கிற இந்தப் பேரூராட்சியைத் தாண்டித்தான் வைகை நகரத்துக்குள் நுழைகிறது. அதனால் இங்கே ஆற்றில் என்ன விழுகிறதோ அது நகரத்துக்கும், நகரத்தில் விழுவது சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகும்.

குடிமராமத்து: பழைய பேர், புதிய கணக்கு

குடிமக்களே செய்யும் மராமத்து என்பதுதான் குடிமராமத்து. மடை திறக்க, வாய்க்காலைப் பார்க்க நீர்பாய்ச்சி இருப்பார், விளைச்சலில் அவருக்குப் பங்கு. கோடையில் ஊர் கூடி வரத்துக் காலைச் சுத்தம் பண்ணும். இதை எழுதி வைத்த சட்டமாக ஆக்கியது ஆங்கிலேய அரசு, 1858-ல். அதன் ஆங்கிலப் பேரைத் தமிழில் சொன்னால் 'கட்டாய உழைப்புச் சட்டம்' என்று வரும். வழக்கப்படி வரவேண்டிய ஆள் வரவில்லை என்றால், அந்த வேலையின் மதிப்பில் இரண்டு மடங்கு வசூல். கரை உடைகிற ஆபத்து வந்தால் உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த ஆண்களைக் கூப்பிடலாம் என்றும் அதில் இருந்தது. யாரை மண் சுமக்கக் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடவில்லை என்பதைக் கவனிங்க. 'அந்தக் காலத்துல ஊரே ஒத்துமையா செஞ்சாங்க' என்று நாம் ஏங்குவதற்கு முன்னால் இதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

2017 மார்ச் 13-ம் தேதி காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இந்தப் பேரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். 2019-20-ல் அது சுமார் 500 கோடி, 1,829 வேலைகள் என்று வளர்ந்தது.

இதில் புதுசு என்ன? வழக்கமாக தூர்வாரும் வேலைக்கு டெண்டர் விடுவாங்க, ஒப்பந்ததாரர் எடுப்பார். இங்கே அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்களின் சங்கத்துக்கே நேரடியாக வேலை. செலவில் 10 சதவீதம் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தரணும். தன் வயலுக்கு வரும் தண்ணீர் என்பதால் கரையை ஒழுங்காகக் கட்டுவார்கள் என்ற நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான்.

ஆனால் பல இடங்களில் சங்கத்தின் பேரில் ஒப்பந்ததாரர்களே வேலை பார்க்கிறார்கள், தூர்வாரும் சாக்கில் மண் போகிறது என்று விவசாயிகளும் எதிர்க்கட்சிகளும் குற்றம் சாட்டினார்கள். சங்கம் வலுவாக, கணக்கு ஊருக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் வேலை நின்றது. பேருக்கு இருந்தால் பணம் போனது. திட்டம் ஒன்றே, ஊருக்கு ஊர் முடிவு வேறு.

சங்கம் எப்படி வலுவாகும் என்பதற்கு மதுரையிலேயே முன்மாதிரி உண்டு. இங்கே தலைமையகம் கொண்ட தானம் அறக்கட்டளை, 'வயலகம்' என்ற பேரில் 1990-களில் இருந்தே கண்மாய் விவசாயிகளைச் சங்கமாக்கி வருகிறது. தூர்வாரி முடித்ததும் கலைந்து போகாமல், பராமரிப்புக்கென்று நிதி சேர்த்து வைப்பது அந்த வழிமுறையின் உயிர். தூர்வாருவது ஒரு கோடையில் முடியும். அடுத்த மழைக்கு வண்டல் மறுபடி வரும். அப்போ செலவு யார் பாக்கெட்டில் இருந்து?

நூறு நாள் வேலையில் வந்த ஆறுகள்

ஆற்றை மீட்க இன்னொரு வழி, கூலி கொடுத்துச் செய்வது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி வறண்டு கிடந்தது. 2014 முதல், வாழும் கலை அமைப்பின் முயற்சியில், நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் ஆற்றுப்படுகையில் நீர்செறிவுக் கிணறுகள் தோண்டினார்கள், தடுப்புகள் கட்டினார்கள். 2021 செப்டம்பர் மாத 'மனதின் குரல்' உரையில் பிரதமர் மோடி இதைக் குறிப்பிட்டார்.

கேரளத்தில் இன்னும் வேகமாக ஒரு கதை. ஆலப்புழா மாவட்டம் புதனூர் ஊராட்சியில் பம்பையையும் அச்சன்கோவில் ஆற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆறு, 12 கிலோமீட்டர். மணல் கொள்ளையாலும் கழிவாலும் புதராகிப் போயிருந்தது. 2017-ல் சுமார் 700 பேர், பெரும்பாலும் பெண்கள், 70 நாள் உள்ளே இறங்கி ஆகாயத்தாமரையையும் சகதியையும் வெளியே எடுத்தார்கள். தண்ணீர் ஓடியது.

இதுவும் மண் சுமந்த கதைதான். ஆனால் இங்கே கையில் கூலி. வந்தி மாதிரி ஆள் இல்லாதவர், நிலம் இல்லாதவர்கூட இதில் சேர முடிந்தது.

அப்போ பரவையிலும் இதைச் செய்யலாமே? இங்கேதான் சிக்கல். 2005-ன் வேலை உறுதிச் சட்டம் கிராமப்புறத்துக்காகவே வந்தது. பரவை பேரூராட்சி, அதாவது சட்டத்தின் கண்ணில் நகரம். சில பேரூராட்சிகளில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை தமிழக அரசு சோதனை முறையில் கொண்டுவந்தது, அவ்வளவுதான். குடிமராமத்துக்கு வந்தால் அங்கே வேறு சிக்கல்: ஆயக்கட்டு நிலமே பிளாட்டாக மாறிக்கொண்டிருக்கும் நகர ஓரத்தில், ஆயக்கட்டுதாரர் சங்கத்துக்கு ஆள் எங்கே? 2000-ம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டப்படி அந்தச் சங்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கானது. கண்மாயை நம்பி ஆடு மாடு வளர்ப்பவர், கரையோரம் குடியிருந்து போர்வெல்லில் அதே தண்ணீரைக் குடிப்பவர், இவங்களுக்கு அதில் ஓட்டு கிடையாது.

கிராமமும் இல்லை, முழு நகரமும் இல்லை. நடுவில் இருக்கிற ஊர்களின் கண்மாய்கள் எந்தத் திட்டத்திலும் சரியாகப் பொருந்துவதில்லை. மதுரையைச் சுற்றி இப்படி எத்தனையோ. உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் இடத்தின் பேர் உலகனேரி. பேரிலேயே ஏரி இருக்கு.

ஊரால் முடியாதது எது?

மண்ணை ஊர் அள்ளலாம். கருவேலமரத்தை வெட்டலாம். ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் இறங்கி பிளாஸ்டிக் பொறுக்கலாம், வைகையில் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாக்கடையை நிறுத்த அவர்களால் முடியாது. வீட்டு இணைப்பு, பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் உள்ளாட்சியின் வேலை, கோடிகளில் செலவு.

பந்தல்குடி கால்வாயை எடுத்துக்கோங்க. செல்லூர் பக்கம் இருந்து வைகைக்கு வரும் இந்தக் கால்வாயில் கழிவுநீர் ஓடுகிறது. 2025 மே இறுதியில் முதல்வர் ஸ்டாலின் மதுரையில் ரோடு ஷோ வந்தபோது கால்வாய் கண்ணில் படாமல் துணி கட்டி மறைத்தார்கள். அது செய்தியாகி, முதல்வரே நேரில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. எத்தனை தன்னார்வலர் வந்தாலும் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்ததைச் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் திறப்பும் அப்படித்தான். 1959-ல் வந்த வைகை அணையில் இருந்து எப்போது, எவ்வளவு திறப்பது என்பது அரசாணை. வைகைப் பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பங்கு. இதில் ஓர் ஊர் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது, கூடவும் கூடாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதிகாரம் அரசின் கையில். ஊர் புகார் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம்.

அரசு தனியாகவே எல்லாம் செய்தால் போதாதா என்றால், 2017 ஏப்ரலை நினைச்சுப் பாருங்க. வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள். காற்று கரைக்குத் தள்ளிவிட்டது. மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். அந்த அணையில் மீன் பிடிப்பவரைக் கேட்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்லியிருப்பார்.

இரண்டும் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு வண்டியூர் தெப்பக்குளம் சாட்சி. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய குளம் அது. வைகையில் இருந்து வரும் பனையூர் கால்வாயைச் சரிசெய்து தண்ணீர் கொண்டுவந்த பிறகு இப்போது படகு ஓடுகிறது. குளத்துக்குள் யாரும் புதுசாக எதுவும் கட்டவில்லை. அடைபட்ட வழியைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் வந்த பிறகுதான் சண்டை

ராஜஸ்தானில் ஆழ்வார் மாவட்டத்து அர்வரி ஆறு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1980-களில் இருந்து தருண் பாரத் சங்கம் உதவியோடு கிராமத்தார் சின்னச் சின்னத் தடுப்பணைகளைக் கட்ட, வறண்ட ஆறு திரும்ப வந்தது. இது எல்லாரும் சொல்லும் பாதி. மீதிப் பாதி: ஆற்றில் தண்ணீர் வந்து மீன் பெருகியதும், மாநில அரசு மீன்பிடிக் குத்தகையை வெளியாளுக்குக் கொடுத்தது. ஊர் எதிர்த்து நின்றது. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் 1999-ல் 70-க்கும் மேற்பட்ட கிராமங்கள் சேர்ந்து அமைத்த 'அர்வரி நாடாளுமன்றம்'. எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எந்தப் பயிர் வேண்டாம் என்று அதில் பேசி முடிவெடுத்தார்கள். அரசு அங்கீகாரம் இல்லாத நாடாளுமன்றம்.

மதுரை வட்டாரத்தில் 'மீன்பாசி ஏலம்' என்று சொன்னாலே கண்மாய்க்காரர்களுக்கு இந்தக் கதை புரியும். கரையைக் காப்பது யார், ஏலத்தொகை போவது எங்கே? பராமரிப்புக்குப் பணம் இல்லை என்ற புலம்பலுக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

நியூசிலாந்து இதை வேறு மாதிரி தீர்க்கப் பார்த்தது. குடிமராமத்து தொடங்கிய அதே 2017 மார்ச்சில், வாங்கனுய் ஆற்றுக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமைகளைக் கொடுத்தது அந்த நாட்டு நாடாளுமன்றம். ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர். ஒருவரை அரசும் இன்னொருவரை அந்த ஆற்றங்கரை மாவோரி மக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மதுரைக் கிளையும் 2022 ஏப்ரலில் இயற்கை அன்னைக்கு உயிருள்ள நபரின் உரிமைகள் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அந்த நபருக்காகப் பேச யாரை உட்கார வைப்பது என்பதில்தான் நியூசிலாந்து நம்மைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது.

பரவைக்காரர்கள் எங்கே போய்க் கேட்பது?

பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. ஆனால் 2022 விதிகளின்படி வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. எந்தத் தெருவின் கழிவுநீர் எந்தக் கால்வாயில் விழுகிறது என்ற பட்டியலை அங்கே வைத்துக் கேட்கலாம்.

கண்மாய் யார் பொறுப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், கிராமப்புறத்தில் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தப்பான ஆபீசில் கொடுத்த மனு மாசக்கணக்கில் சுத்தும்.

வண்டல் மண் வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸ் வரை அலையத் தேவையில்லை. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் தாசில்தார் அளவிலேயே இலவச அனுமதி தர 2024-ல் அரசு வழி செய்தது. ஆள் வைத்து அள்ளும் முன் எந்த இடத்தில், எத்தனை ஆழம் என்பதையும் அனுமதிச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டித் தோண்டினால், அடுத்த மழையில் முதலில் உடைவது அந்த இடம்தான்.