உப்பு விளையும் தரை
மரக்காணத்தில் ஆண்டுதோறும் காலாலேயே போடுகிறார்கள்!

சில வீடுகளில் கூடத்தில் பெரிய மீன் தொட்டி வைத்திருப்பார்கள். கண்ணாடித் தொட்டி. உள்ளே சிவப்பு மீன், கறுப்பு மீன். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள்.

எல்லோரும் மீனைத்தான் பார்ப்பார்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் தரையை யாரும் பார்ப்பதில்லை.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் மட்டும் 250 கிலோ! கண்ணாடி, கல், மேசை எல்லாம் வேறு. கீழே தரை அமுங்கிவிட்டால் என்ன செய்வது? மீனைப் பிடித்து வேறு பாத்திரத்தில் விட வேண்டும். தண்ணீரை இறைக்க வேண்டும். தொட்டியைத் தூக்க வேண்டும். பழைய தரையைப் பெயர்க்க வேண்டும். புதுத் தரை போட்டு, அது காய்கிற வரை காத்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை போதும் என்று வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்!

இதே வேலையை ஆண்டு தவறாமல் செய்கிற ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு தொட்டி அல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தொட்டிகள்தான். அந்த ஊர் மரக்காணம்.

சாலை ஓரத்தில் வெள்ளை மலை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால், சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் வரும். ஆந்திராவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. பக்கத்தில் கழுவேலி என்ற பெரிய ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் ஏரி அது. 2021-ஆம் ஆண்டு அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள்.

சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த வழியே போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள். பாத்திகளில் பளபளக்கும் நீர். வரப்பின் மீது வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர் போன ஊர்கள். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் வருகிறது. அது மரக்காணம் பகுதிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பழமையான ஊர் அது.

நீர் எப்படி உப்பு ஆகிறது?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிராம் அளவுக்கு இருக்கும். அதாவது, ஒரு கிலோ உப்பு வேண்டும் என்றால் 40 லிட்டர் கடல் நீரை வெயிலில் காய வைக்க வேண்டும்.

உப்பங்கழி நீரையும், நிலத்துக்கு அடியில் ஊறும் உப்பு நீரையும் முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குறைக்கின்றன. நீர் கெட்டியாகிறது. அதை அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார்கள். பிறகு அதற்கு அடுத்த பாத்தி. நீரின் கெட்டியை ஒரு கண்ணாடிக் குழலை மிதக்க விட்டு அளப்பார்கள். கடல் நீர் 3 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். அது ஏறி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரிக்கு மேல் போக விடக் கூடாது. விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும்.

"இவ்வளவுதானா? நீர், வெயில், காற்று. மூன்றும் சும்மா கிடைப்பவை ஆயிற்றே!" என்று கேட்கத் தோன்றும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது சும்மா கிடைப்பதில்லை. அதுதான் தரை.

தரையில்தான் சூட்சுமம்

ஓர் ஏக்கர் உப்புப் பாத்தியில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது மட்டும் இரண்டு லட்சம் லிட்டர்! உப்பு கரைந்த நீர் ஆதலால் எடை இன்னும் கூடும். ஏறத்தாழ 240 டன். மீன் தொட்டி எங்கே, இது எங்கே!

ஆனால் இங்கே எடையைப் பற்றிப் பயம் இல்லை. அது பரந்து நிற்கிறது. கசிவுதான் பயம். தரை வழியாக ஒரு நாளைக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் நீர் இறங்கினால் போதும். ஓர் ஏக்கருக்கு 4,000 லிட்டர் போய்விடும். கெட்டியான உப்பு நீரில் அது ஏறத்தாழ ஒரு டன் உப்பு. பல வாரம் வெயிலில் காய்ந்து சேர்ந்த உப்பு மண்ணுக்குள்ளே போய்விடும்!

கசியாவிட்டால் மட்டும் போதாது. தரை கெட்டியாகவும் இருக்க வேண்டும். தரை இளகியிருந்தால் வாரும்போது சேறும் சேர்ந்து வரும். உப்பு பழுப்பாகும். விலை இறங்கும்.

மூன்றாவது, தரை மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு என்றால், மேட்டில் நீர் வற்றிவிடும். பள்ளத்தில் உப்பு பூக்காது.

கசியாத தரை, கெட்டியான தரை, மட்டமான தரை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை உப்பு.

காலே கருவி

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். பாத்தி எல்லாம் மழை நீர். உப்பு நீரில் இறுகிக் கிடந்த களிமண், நல்ல நீர் பட்டதும் குழைந்துவிடும். வெள்ளம் வேறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். சென்ற ஆண்டு போட்ட தரை இருந்த இடம் தெரியாது.

தை பிறந்ததும் வேலை ஆரம்பம். முதலில் மழை நீரை வடிக்கிறார்கள். பாசியையும் மேல் சேற்றையும் வழித்து வரப்பில் போடுகிறார்கள். உடைந்த வரப்புக்கு அதே சேறு மருந்து. பிறகு பலகை போட்டு மட்டம் பார்க்கிறார்கள்.

அடுத்தது மிதிப்பு. ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று, அடி மேல் அடி வைத்து மிதிக்கிறார்கள். ஒரு கால் தடத்தை ஒட்டி அடுத்த கால் தடம். இடைவெளி விடக் கூடாது. விட்ட இடத்தில் நீர் இறங்கும்! மிதித்த தரையைக் காய விடுகிறார்கள். கெட்டி உப்பு நீரை மெல்லியதாகப் பாய்ச்சுகிறார்கள். மறுபடியும் காய விடுகிறார்கள். மறுபடியும் மிதிக்கிறார்கள்.

வெறும் களிமண்ணாக இருந்தால் காயும்போது வெடித்துவிடும். வெறும் மணலாக இருந்தால் நீர் நிற்காது. இரண்டும் அளவாகச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த அளவு ஏட்டில் இல்லை. பாதத்தில் இருக்கிறது. பாதம் அமுங்கினால் இன்னும் ஆகவில்லை. தடம் பதியாவிட்டால் தரை ஆகிவிட்டது!

குஜராத்தில் கட்ச் பாலைவனத்து உப்புத் தொழிலாளர்களும் இப்படித்தான் காலால் மிதித்துப் பாத்தி கட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் உப்பில் ஊறிய பாதம், சிதையில் கூட எளிதில் வேகாது என்று அங்கே சொல்வது உண்டு.

தரை போட்டு முடித்த பிறகும் கவனம் வேண்டும். உப்பு வாருகிறவர் பலகையை அழுத்தி இழுத்தால் தரை கீறிப் போகும். மெதுவாக இழுத்தால் உப்பு மட்டும் வரும். கை அவ்வளவு பதமாக இருக்க வேண்டும்.

இத்தனை நாளும் பாத்தியில் ஒரு கல் உப்பு கூட விளையாது. இது முழுக்க முழுக்கத் தரைக்கான உழைப்பு.

ஒரு மழை போதும்

தரை தயார். நீரும் பாய்ச்சியாகிவிட்டது. பங்குனியில் உப்பு பூத்துவிட்டது. அந்த நேரத்தில் கோடை மழை ஒன்று பெய்தால்? பூத்த உப்பு கரைந்துவிடும். நீரின் டிகிரி இறங்கிவிடும். பலத்த மழை என்றால் தரையும் இளகிவிடும். மறுபடியும் வடி! மறுபடியும் மிதி!

ஊரில் எல்லோரும் மழைக்காக வானத்தைப் பார்ப்பார்கள். உப்பளத்தில் மட்டும் மழை வேண்டாம் என்று வானத்தைப் பார்ப்பார்கள்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு பாத்தி எது, வரப்பு எது என்று தேடித்தான் அடுத்த தரையைப் போட வேண்டும்.

ஓடு பதித்தால் என்ன?

"ஆண்டுதோறும் இந்தப் பாடு எதற்கு? வீட்டுக்குப் பதிப்பது போல ஓடு பதித்துவிட்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். சில நாடுகளில் பதித்தும் இருக்கிறார்கள்.

தைவான் நாட்டில் தைனான் நகரத்தின் கடலோரத்தில், 1818-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் உப்பளம் இருக்கிறது. உடைந்த பானை ஓடுகளை ஒவ்வொன்றாக அடுக்கித் தரை போட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குச் சித்திரம் போல இருக்கும்! தென் கொரியாவில் முதலில் களிமண் தரை இருந்தது. பிறகு பானை ஓடு பதித்தார்கள். அதன் பிறகு பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. இன்று அங்கே பெரும்பாலான உப்பளங்களில் விரிப்புத்தான். இருந்தாலும் பழைய களிமண் தரையில் விளைந்த உப்புக்கே அங்கே விலை அதிகம். ஆஸ்திரேலியாவில் உப்பையே தரையாக்கிவிட்டார்கள். அடியில் கெட்டியான உப்புப் படுகையை அப்படியே விட்டு, அதன் மேல் இயந்திரத்தை ஓட்டி மேல் உப்பை மட்டும் வாருகிறார்கள்.

நம் ஊரில் ஏன் முடியவில்லை? ஓர் ஏக்கர் என்றால் 4,000 சதுர மீட்டருக்கு மேல். அத்தனைக்கும் ஓடு வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவைப் போல உப்புப் படுகையை விட்டு வைக்கலாம் என்றால், நம் பருவமழை அதைக் கரைத்துவிடும். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் உப்பு வெள்ளையாக வரும். கறுப்பு விரிப்பு வெயிலை வாங்கிச் சூடாவதால் நீரும் விரைவில் வற்றும். ஆனால் விரிப்பு கிழியும். கிழிந்தால் மாற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை எங்கே போடுவது? குத்தகைக்கு நிலம் எடுத்தவர் இவ்வளவு பணத்தை மண்ணில் போடவும் யோசிப்பார்.

ஆகவே மரக்காணத்தில் இன்றும் மண் தரையும் மனிதர் பாதமும்தான்.

மழை மாதங்களில் அடுப்பு எரிய வேண்டாமா?

பாத்தி நீரில் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டம் அது. நல்ல காரியம்தான். ஆனால் மழைக்காலம் மூன்று மாதம். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 1,700 ரூபாய் கூட வராது.

மழை முடிந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை தரை போடுவது. உப்பு விற்றுப் பணம் வருவதோ அதற்கு வெகு நாள் கழித்து. அந்தத் தரை வேலைக்கான கூலி தட்டில்லாமல் கிடைத்தால்தான், மூன்று மாதம் காத்திருந்த வீட்டில் அடுப்பு எரியும். விளைந்த உப்பை எடை போட்டு விலை சொல்கிறோம். அது விளைவதற்கு முன் மிதித்த கால்களை எந்தத் தராசில் நிறுப்பது?

அடுப்பங்கரையில் ஒரு சோதனை

வீட்டில் சுத்தம் செய்யாத கல்லுப்பு இருந்தால், ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். உப்பு கரைந்துவிடும். அடியில் லேசாகக் கொஞ்சம் மண் படியும்.

முகம் சுளிக்க வேண்டாம். அதுதான் உப்பளத்துத் தரை. அந்த மண் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக யாரோ தை மாதத்தில் மிதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்!