பத்து வாட் போதும்

ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகுதான், அவற்றின் நிழலில் இருந்த தொழிலாளர் லயங்களுக்கு அது வந்து சேர்ந்தது. ஓடையை மறித்து டர்பைன் சுழலவிட்டு இயந்திரங்களை ஓட்டிய தோட்டங்களில்கூட, லயக் காம்பராவுக்குள் குப்பி லாம்புதான் எரிந்தது. பாட்டு மட்டும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பழைய கார் பேட்டரியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, டவுனில் சார்ஜ் போட்டுக் கொண்டு வந்தால் சில நாட்களுக்கு ரேடியோவும் கெசட்டும் பாடும். வீட்டிலேயே அம்ப்ளிஃபயர் கட்ட நினைத்த இளைஞனுக்கு, எதைக் கட்டலாம் என்று தீர்மானித்ததும் அந்தப் பேட்டரியின் 12 வோல்ட்தான்.

அவன் கைக்கு அகப்பட்ட ஐசி பெரும்பாலும் எல்ஏ4440. கார் கெசட் செட்டுகளுக்காக சான்யோ நிறுவனம் செய்தது. 13.2 வோல்ட்டில் இரண்டு பக்கமும் ஆளுக்கு 6 வாட் தரும். இரண்டையும் பிரிட்ஜாக இணைத்தால் ஒரே ஸ்பீக்கருக்கு 19 வாட். உடைந்த கார் செட்டிலிருந்து கழற்றி, சில கெப்பாசிட்டர்களோடு ஒரு தகட்டில் பொருத்தினால் வேலை முடிந்தது. மலையகத்தில் இதைக் கற்றுக் கொடுக்கப் பாடசாலை இருக்கவில்லை. ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவரின் மேசை ஓரத்தில் நின்று, ஈயப் புகையை மூச்சிழுத்துப் பழகியவர்கள்தான் அதிகம்.

இலங்கையில் ஒலிபரப்பே இப்படிக் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டியதில்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளை வைத்து ஒலிபரப்பி ஒன்றை உருவாக்கி, கொழும்பிலுள்ள தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து இசைத்தட்டு இசையைப் பரப்பினார். 1925 டிசம்பர் 16இல் நிரந்தரச் சேவை ஆரம்பமானது. ஊவாவின் பதுளைக்கு ரயில் வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது புது செட் வாங்க வழியில்லை. இருந்ததைத் திருத்தித்தான் கேட்க வேண்டும். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் கெசட் செட்டுகள் வந்து குவிந்தன. அவை பழுதாகிக் குவிந்ததும் உதிரிப் பாகங்கள் மலிந்தன. நம்முடைய அம்ப் கட்டும் கலை அந்தக் குவியலிலிருந்து முளைத்தது என்றே நான் நம்புகிறேன்.

இன்று பெரும்பாலான லயங்களில் 230 வோல்ட் இருக்கிறது. அதனால் கட்டுபவரின் தெரிவும் மாறியிருக்கிறது. முதல் அம்ப்புக்கு நான் பரிந்துரைப்பது டிடிஏ2030ஏ. ஐந்து கால்கள், சில ரெசிஸ்டர்கள். 22 கிலோ ஓமும் 680 ஓமும் சேர்ந்து, உள்ளே வரும் சிக்னலை ஏறத்தாழ 33 மடங்காக்கும். வெளியீட்டில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபராட்டும் தொடராக நிலத்துக்குப் போக வேண்டும். பார்த்தால் தேவையில்லாதது போல் தோன்றும். அதைக் கழற்றிவிட்டால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஐசி தானாகவே அதிரத் தொடங்கிச் சூடேறும். அதன் உலோக முதுகு நெகட்டிவ் சப்ளையோடு இணைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மைக்கா தாள் இல்லாமல் ஹீட் சிங்கில் முறுக்கி, அந்த ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால், முதல் சுவிட்சிலேயே கதை முடியும்.

ஆனால் வித்தை ஐசியில் இல்லை. பவர் சப்ளையில்தான் இருக்கிறது. 12-0-12 ட்ரான்ஸ்ஃபோமர், நான்கு டயோட், இரண்டு 4700 மைக்ரோஃபராட். கணக்குப்படி இரு பக்கமும் 16 வோல்ட் அளவு வர வேண்டும். தோட்டத்து லைன் கணக்குக்குக் கட்டுப்படாது. தொழிற்சாலையில் பெரிய மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்கும்; ஊர் உறங்கிய பிறகு வோல்ட் 240ஐத் தாண்டி ஏறும். அந்த நேரத்தில், பாட்டு ஓடாத சும்மா நிலையில், 16 என்று நினைத்தது 18ஐயும் கடந்துவிடும். பழைய டிடிஏ2030இன் எல்லை 18. ஏ என்ற எழுத்துள்ளது 22 வரை தாங்கும். பகலெல்லாம் பாடிய செட் நள்ளிரவில் ஏன் செத்தது என்று தேடுபவர்கள் இந்த ஓரெழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல், எழுத்தை மட்டும் பொறித்து விற்கும் போலி ஐசிகளும் சந்தையில் உண்டு.

செட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க சினிமாப் பாட்டை விடத் தப்பு மேளம் நல்லது. ஒரு காலத்தில் அதிகாலையில் பிரட்டுக்கு (காலை ஆள் எடுப்புக்கு) ஆள் கூட்டியதும் தப்புதான். காமன் கூத்தும் தேரும் அது இல்லாமல் நடப்பதில்லை. தப்பின் அடி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் உச்சத்துக்குப் போய் விழுந்துவிடும். சப்ளையின் கெப்பாசிட்டர் சிறியதாக இருந்தால் முதல் அடி கணீரென்று விழும், தொடர்ந்து வரும் வேக அடிகள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடிகளுக்கு இடையிலுள்ள மௌனத்தில் ‘உம்ம்’ என்று கேட்டால், அது பெரும்பாலும் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் அல்லது தவறாக இணைத்த எர்த். எல்லா எர்த் வயர்களும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். கண்ட இடத்தில் தொடுத்தால் இரைச்சல் போகாது.

கடைகளில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, ஆயிரம் வாட் போர்ட் இருக்கா?” பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒலியின் வேகத்தில் கணக்கிட்டால், பன்னிரண்டடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதி நின்றுவிடும். அந்தச் சுருதிகளில் பேஸ் வீங்கிக் கேட்கும், மேலே தகரம் கூடச் சேர்ந்து அதிரும், பொதுச் சுவருக்கு அப்பால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். 1 வாட்டில் ஒரு மீற்றர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 10 வாட்டில் 100 டெசிபெல் தரும். அது ஒரு காம்பராவுக்கு மிகையே. 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே காசை வாட்டில் கொட்டாதீர்கள். நல்ல ஸ்பீக்கருக்கும் அதன் பெட்டிக்கும் செலவழியுங்கள், பெட்டியை மூலையிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். திருவிழாவுக்கு மலை முழுதும் கேட்க வேண்டிய செட் வேறு விஷயம். அதற்குப் பெரிய ட்ரான்சிஸ்டரும், அதைவிடப் பெரிய ட்ரான்ஸ்ஃபோமரும், அனுபவமும் வேண்டும்.

உலகமெங்கும் வீட்டில் கட்டுபவர்களின் மரியாதைக்குரிய வடிவங்கள் சிறியவைதான். 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வந்த வில்லியம்சனின் வால்வ் அம்ப் 15 வாட். அதே இதழில் 1969இல் ஜோன் லின்ஸ்லி ஹுட் வெளியிட்டது, சேனலுக்கு நான்கே ட்ரான்சிஸ்டர்களில் 10 வாட். கிளாஸ் ஏ என்பதால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு கரண்ட் குடித்துச் சூடாகிக்கொண்டே இருக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை குளிரில் இந்தச் சூட்டைச் சமாளிப்பது கொழும்பை விட எளிது. ஆனால் மின் பில் கூடும்.

2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் போனபோது, பழைய 12 வோல்ட் செட்டுகள் மறுபடி மேசைக்கு வந்தன. ரூபாய் விழுந்து, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்களின் விலையும் எகிறியது. செத்த கணினியின் ஹீட் சிங்க், உடைந்த கெசட் செட்டின் ட்ரான்ஸ்ஃபோமர் என்று கழற்றிச் சேர்க்கும் பழக்கம் அப்போது வீட்டைக் காத்தது. அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறையிடம் கொடுக்க, தோட்டப் பாடசாலையில் ஒரு மேசையும் ஒரு மீற்றரும் சில சோல்டரிங் அயர்ன்களும் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேரே ப்ளக்கில் குத்தாதீர்கள். பியூஸ் போட்டு, பெட்டியை எர்த் செய்து, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்வதை உறுதிப்படுத்திய பிறகு, லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வையுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிறைந்துவிட்டன என்று அர்த்தம். எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷோட், உடனே நிறுத்துங்கள். மங்கிய பிறகு, ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் மீற்றரை வைத்து டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம்.