‘சோலோ லெவலிங்’ முடிந்ததும் எங்கே தேடுகிறீர்கள்?

‘சோலோ லெவலிங்’ 179ஆம் அத்தியாயம் வரை படித்து, பிறகு வந்த பக்கக் கதைகளையும் முடித்தவருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்காது. இதே மாதிரி அடுத்தது என்ன இருக்கிறது என்று கைபேசியில் தேட ஆரம்பித்துவிடுவார். சூகோங் எழுதிய இந்தக் கதை 2016இல் கொரியாவின் காகாவ்பேஜில் நாவலாகத் தொடங்கியது. 2018இல் வெப்டூன் எனப்படும் இணையச் சித்திரத் தொடரானது. 2024 ஜனவரியில் அனிமேயாக வந்து, தமிழ் டப்பிங்கிலும் கிடைத்ததால் இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் வரை இதற்கு ரசிகர்கள். அனிமே பார்த்துவிட்டு மீதிக் கதையைத் தேடுகிறவரும், எல்லாம் படித்துவிட்டு அடுத்த கதையைத் தேடுகிறவரும் கூகுளில் அடிப்பது ஏறக்குறைய ஒரே சொற்களைத்தான். அந்தச் சொற்களுக்காகவே திருட்டுத் தளங்கள் காத்திருக்கின்றன.

பார்வைக்கு அவை ஒழுங்காகத்தான் இருக்கும். அட்டைப் படம், நட்சத்திர மதிப்பெண், வாசகர் கருத்து எல்லாம் உண்டு. அத்தியாயத்தைத் தொட்டால் முதலில் வேறொரு பக்கம் திறக்கும். அதை மூடிவிட்டு மறுபடி தொட்டால், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று ஒரு பெட்டி வரும். அது ரோபோ சோதனை இல்லை. உங்கள் போனுக்கு எந்நேரமும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அந்தத் தளம் கேட்கும் அனுமதி. அழுத்திவிட்டால், படித்து முடித்துத் தளத்தை மூடிய பிறகும் ‘போனில் வைரஸ்’, ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது’ என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே போனை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால், ராத்திரி பையன் கொடுத்த அனுமதிக்குக் காலையில் வங்கிச் செய்தி என்று நம்பி லிங்கைத் தொடுவது அம்மாவாக இருக்கும்.

இதை நிறுத்துவது எளிது. குரோமில் அமைப்புகள், அதில் தள அமைப்புகள், அதில் அறிவிப்புகள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்கள் அத்தனையையும் தடுத்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது ஏபிகே என்ற ஆப் நிறுவல் கோப்பு. ‘எல்லா அத்தியாயமும் இலவசம்’, ‘அளவில்லாத காயின்’ என்று சொல்லி டெலிகிராமில் சுற்றும் ஆப்கள் பிளே ஸ்டோரில் இருக்காது, நேரடியாகத்தான் நிறுவ வேண்டும். படம் காட்டும் ஓர் ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் அனுமதி எதற்கு? ஓடிபி அந்த வழியில்தான் போகிறது. ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால் இன்னும் ஆபத்து, திரையில் நீங்கள் காண்பதையெல்லாம் அது காணும், உங்களுக்குப் பதிலாக அதுவே பொத்தானை அழுத்தும். நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்கள். ஆப்பை நீக்குங்கள். மெயில், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

திருட்டுத் தளம் நடத்துகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தொல்லைகளின் காரணமும் புரியும். கொரியாவில் ‘பாம்டோக்கி’ என்ற பெரிய திருட்டு வெப்டூன் தளத்தை நடத்தியவரை 2018இல் பூசான் போலீஸ் கைது செய்தது. அவருடைய முக்கிய வருமானம் சட்டவிரோத சூதாட்டத் தளங்களின் விளம்பரம். நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இன்று நம் பிள்ளைகள் திறக்கும் பக்கங்களிலும் பந்தய விளம்பரம்தான் ஓரத்தில் மின்னுகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் நம் நாட்டின் 2025ஆம் ஆண்டு ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்கிறது. திருட்டுத் தளத்துக்கு அந்தச் சட்டமும் ஒரு பொருட்டல்ல. வயது வந்தோருக்கான கதைகளையும் எந்தத் தடுப்பும் இல்லாமல் அதே பட்டியலில் கலந்து வைத்திருப்பார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

படைத்தவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘சோலோ லெவலிங்’ சித்திரங்களை வரைந்த டூபு என்ற ஜாங் சுங்-ராக், 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவால் இறந்தபோது அவருக்கு வயது 37. நெடுநாள் உடல்நலக் குறைவு இருந்ததாக அவருடைய ரெடைஸ் ஸ்டுடியோ தெரிவித்தது. வாரம் ஓர் அத்தியாயம், முழு வண்ணத்தில், பத்துக் கணக்கான கட்டங்கள் என்பது இந்தத் தொழிலின் வழக்கமான வேகம். அந்த வேகத்தில் கை நோக வரைகிறவருக்கு ஒரு காசு போகாமல் சூதாட்ட விளம்பரக்காரருக்குப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவும் கொரியாவும் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன. ஆகவே கொரியப் படைப்புக்கும் நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தளம் நடத்துகிறவர்களுக்கு மட்டுமான பிரிவு இல்லை இது. அத்தியாயங்களை பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம் சேனலில் போடும் கல்லூரி மாணவரும் இதில் சிக்கலாம். மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருடையதே என்பதால், ஆசையாகத் தமிழில் மாற்றிப் பகிர்ந்தாலும் அனுமதி தேவை. யூடியூபில் தமிழில் கதை சொல்லும் நண்பர்கள் விமர்சனத்துக்காகச் சில கட்டங்களைக் காட்டுவது ஒரு விஷயம். அதற்கு 52ஆம் பிரிவின் நியாயமான பயன்பாட்டில் இடம் கேட்கலாம். முழு அத்தியாயத்தையும் கட்டம் கட்டமாக ஓடவிட்டுக் குரல் கொடுப்பது வேறு. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் வந்தால் சேனலே போய்விடும்.

திருட்டுத் தளங்கள் நிலைப்பதும் இல்லை. பலர் நம்பியிருந்த ‘ரீப்பர் ஸ்கேன்ஸ்’ 2025 மே மாதம் காகாவ் நிறுவனத்தின் எச்சரிக்கைக்குப் பின் மூடப்பட்டது. இப்படி ஒன்று மூடியதும் அதே பெயரில் போலித் தளங்கள் முளைக்கும். பழைய வாசகர் வழக்கமான இடம் என்று நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுப்பது அங்கேதான்.

முறையான வழியில் படிக்கப் பெரிய செலவும் இல்லை. நேவரின் வெப்டூன் ஆப்பில் பெரும்பாலான தொடர்கள் இலவசம். முடிந்துபோன பல தொடர்களை நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று திறந்துவிடுகிறார்கள். டப்பாஸ் ஆப்பிலும் காத்திருந்தால் காசில்லாமல் படிக்கலாம். பணம் கேட்பது அவசரத்துக்குத்தான். தேடும்போது, பிடித்த கதையின் ஸ்டுடியோவையும் எழுத்தாளரையும் பின்தொடருங்கள். ‘ஆம்னிஷியன்ட் ரீடர்’ இதே ரெடைஸ் ஸ்டுடியோவின் தயாரிப்பு. தான் படித்த நாவல் கண்முன்னே நிஜமாகிவிட, முடிவு தெரிந்த ஒரே வாசகனாக நிற்பவனின் கதை. ‘சோலோ லெவலிங்’ முடித்தவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். தற்காப்புக் கலை பிடித்தால் ‘ரிட்டர்ன் ஆஃப் தி பிளாசமிங் பிளேட்’, சண்டையோடு சிரிப்பும் பூனையும் வேண்டுமென்றால் ‘எலீசீட்’, நீண்டகால வாசிப்புக்கு 2010 முதல் வரும் ‘டவர் ஆஃப் காட்’. நான்கும் வெப்டூன் ஆப்பிலேயே ஆங்கிலத்தில் இருக்கின்றன.

காத்திருக்காமல் அத்தியாயத்தைத் திறக்கக் காயின் வாங்குவதில் மட்டும் கவனம் வேண்டும். ஓர் அத்தியாயத்துக்குச் சில்லறைதான் என்று தோன்றும், ஐம்பது அத்தியாயம் போனபிறகுதான் தொகை கண்ணில் படும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நம் சட்டத்தில் நிலைத்த கொள்கை, முறையீட்டில் அதையும் எழுதலாம். சந்தாவில் சேர்வது எளிதாகவும் விலகுவது குழப்பமாகவும் இருந்தால், மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலேயே அதை ரத்து செய்துவிடுங்கள்.

மோசடியில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பரிவர்த்தனை எண், வந்த எஸ்எம்எஸ், தளத்தின் முகவரி இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்காமல் போனை ரீசெட் செய்யாதீர்கள். அதே சமயம் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் அதுவரையிலான இழப்பு உங்களுடையது, புகாருக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்து மறைப்பதில்தான் இந்த மூன்று நாளும் கரைகிறது. ஆகவே முதலில் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேளுங்கள், கண்டிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.