பூனைக்குட்டிக்குப் பனடோல் கொடுக்காதீர்கள்!

பூனைக்குட்டி விளையாட்டு வேகத்தில் நாற்காலிக் காலில் முட்டும், அஞ்சடியிலிருந்து உருண்டு விழும். பிள்ளைகள் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கே ஓடி வருவதுண்டு. பிறந்து 3 வாரத்தில்தான் அது தள்ளாடி நடக்கப் பழகுகிறது. விழும்போது உடம்பைத் திருப்பிக் காலை ஊன்றத் தெரிய 6, 7 வாரம் ஆகும். உதறிக்கொண்டு மறுபடி ஓடினால் விட்டுவிடுங்கள்.

என் கவலை வேறு. 'பாவம், வலிக்குமே' என்று பனடோலைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை மாத்திரைகூட வேண்டாங்க! நம்முடைய காய்ச்சலைத் தணிக்கிற அதே பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். குட்டி செத்தே போகும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? விடியட்டும் என்று காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போய், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு.

விழுந்த குட்டி எழும்பாமல் கிடந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, கண்ணின் கருமணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிந்தாலோ, அட்டைப் பெட்டியில் துணி விரித்து அங்கேயே கொண்டு போங்கள். வலியில் இருப்பது கடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.