புவியின் போர்வை

சேர்வராயன் மலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. மலையில் தோன்றி இறங்கி வரும் வாணியாறு அணையில் தேங்கி, சுற்றுப்புற வயல்களுக்குப் பாய்கின்றது. மஞ்சளும் கரும்பும் வெற்றிலையும் அந்நீரால் வளம் பெறுகின்றன. நீர் எட்டாத மேட்டு நிலங்களில் கேழ்வரகும் சாமையும் மழையை நம்பி விளைகின்றன.

நாள்தோறும் வானத்தை நோக்கி வாழும் உழவர் ஓர் உண்மையை நன்கு அறிவர். தை மாதத்து இரவில் வானம் தெளிந்து விண்மீன்கள் மின்னுமாயின், விடியற்காலையில் குளிர் உடலை நடுக்கும். புல்நுனிதோறும் பனித்துளி நிற்கும். அதே மாதத்தில் வானத்தை மேகம் மூடியிருப்பின், குளிர் தணிந்திருக்கும், பனியும் அரிதாகும். இரண்டு இரவுகளிலும் கதிரவன் இல்லை. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால் உண்டாகின்றது?

பகல் முழுதும் வெயிலில் காய்ந்த நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி வெளியிடுகின்றது. வானம் தெளிந்திருப்பின் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி மேலே சென்று மறைகின்றது. மேகம் மூடியிருப்பின், அஃது அவ்வெப்பத்தை ஏற்று, ஒரு பகுதியை மீண்டும் நிலத்திற்கே அனுப்புகின்றது. குளிர்காலத்தில் நாம் போர்த்துக்கொள்ளும் கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடலில் உள்ள சூடு போய்விடாமல் காக்கின்றது. மேகம் செய்யும் வேலையும் அத்தகையதே.

புவி முழுமைக்கும் இவ்வாறு ஒரு போர்வை உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாதது. இரவும் பகலும் விலகாதது. காற்று மண்டலமே அப்போர்வை. உலர்ந்த காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆகும். இவை நிலத்தினின்று எழும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் கலந்துள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியவையே அதனைத் தடுக்கின்றன. கதிரவனின் ஒளி இவற்றின் ஊடே எளிதில் நுழைந்து நிலத்தை அடைகின்றது. சூடேறிய நிலமோ அவ்வெப்பத்தை ஒளியாக அன்றி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகின்றது. ஒளிக்கு வழிவிட்ட இவ்வாயுக்கள் இக்கதிர்களுக்கு எளிதில் வழிவிடுவதில்லை. அவற்றை ஈர்த்து, ஒரு பகுதியைக் கீழே திருப்பி விடுகின்றன.

இச்செயலுக்குப் 'பசுமை இல்ல விளைவு' என்பது பெயர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் ஒளி புகும் கூரை வேய்ந்த பசுமைக்குடில்களில் மலர்களையும் காய்கறிகளையும் பயிரிடுகின்றனர். வெளியே உள்ளதைவிட அவற்றின் உள்ளே வெப்பம் மிகுதி. இவ்வொப்புமை பற்றியே அப்பெயர் வந்தது. ஆயினும் சிறிது வேறுபாடு உண்டு. குடிலின் கூரை, சூடேறிய காற்று வெளியே போகாதபடி அடைத்து வைக்கின்றது. காற்று மண்டலமோ வெப்பக் கதிர்களை ஈர்த்துத் திருப்புகின்றது.

இப்போர்வை இல்லையேல் நாம் இல்லை. புவியின் சராசரி வெப்பநிலை இப்பொழுது ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ். வெப்பம் ஈர்க்கும் வாயுக்கள் இல்லாதிருப்பின், அது சுழிக்குக் கீழே 18 டிகிரி அளவிற்குத் தாழ்ந்துவிடும். ஆறுகளும் கடல்களும் உறையும். ஆதலின் பசுமை இல்ல விளைவு பகையன்று. உயிர்களைக் காக்கும் துணையே ஆகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் என்பது பழமொழி. போர்வை அளவின்றித் தடிப்பதே தீங்கு.

இவ்வுண்மையை அறிஞர் பலர் படிப்படியாகக் கண்டறிந்தனர். புவியின் வெப்பத்தைக் காற்று மண்டலம் காக்கின்றது என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் என்பார், கரியமில வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்தார். அது காற்று நிரப்பிய குழாயினும் மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் நெடுநேரம் ஆயிற்று. இதனை அவர் 1856-இல் வெளியிட்டார். எந்தெந்த வாயுக்கள் வெப்பக் கதிர்களை ஈர்க்கின்றன என்பதை 1859-இல் ஜான் டிண்டல் அளந்து காட்டினார். நிலக்கரியை எரிப்பதால் கரியமில வாயு பெருகிப் புவி சூடேறக்கூடும் என்பதைச் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896-இல் கணக்கிட்டு உரைத்தார்.

அவர் உரைத்தது நிகழ்ந்துவிட்டது. பல கோடி ஆண்டுகளாக மண்ணுள் புதைந்து கிடந்த கரியே நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் வெளிவருகின்றது. அனல் மின் நிலையங்களிலும் ஊர்திகளிலும் அது எரிந்து காற்றில் கலக்கின்றது. எந்திரத் தொழில் பெருகுவதற்கு முன், பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் அளக்கத் தொடங்கியபொழுது அது 315 பங்கு ஆகியிருந்தது. 2024-இல் 420 பங்கையும் கடந்துவிட்டது. காடழிப்பும் இப்பெருக்கத்திற்குக் காரணமாகும்.

இத்துறையில் தமிழகத்தில் பிறந்த அறிஞர் ஒருவரின் பங்கும் பெரிது. அவர் 1944-இல் சென்னையில் பிறந்த வீரபத்திரன் இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற பின், செகந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றினார். அப்பெட்டிகளினின்று குளிரூட்டும் வாயு கசிவதன் காரணத்தை ஆராய்வது அவர் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவர், குளோரோபுளோரோகார்பன் என்னும் அவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் மூலக்கூறுகள் பத்தாயிரத்திற்கு ஒப்ப வெப்பத்தை ஈர்க்கவல்லது என்பதை 1975-இல் உலகிற்கு உணர்த்தினார். கசிவைத் தேடிய இளைஞர், அக்கசிவால் வானுக்கு நேரும் தீங்கையும் கண்டறிந்தார்.

போர்வை தடித்ததன் பயன் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட, 2024-ஆம் ஆண்டில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்ந்திருந்தது. ஒன்றரை டிகிரி சிறிதெனத் தோன்றலாம். உடலின் வெப்பம் ஒன்றரை டிகிரி ஏறினால் அதனைக் காய்ச்சல் என்கின்றோம் அல்லவா? வெப்பம் ஒரு டிகிரி ஏறுந்தோறும் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லதாகின்றது. அதனால் மழையில்லாக் காலத்தில் நிலத்தின் ஈரம் விரைந்து வற்றுகின்றது. மழை வருங்காலத்தில் பெருமழையாகக் கொட்டுகின்றது. வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அண்மையிலுள்ள அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்பகுதியில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் இது மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது; வெள்ளம் சாலையோரம் நின்ற ஊர்திகளை அடித்துச் சென்றது. தென்பெண்ணை கரைபுரண்டது. வறட்சிக்குப் பேர்பெற்ற பகுதியில் இங்ஙனம் நிகழ்ந்தது. ஒரு புயலை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. பெருமழை முற்காலத்தும் பெய்ததுண்டு. ஆயினும் கடலும் காற்றும் சூடேறச் சூடேற, இத்தகைய பெருமழைகள் பெருகும் என்பது அறிவியல் கண்ட முடிபு.

இத்தீங்கை மாற்ற இயலாதோ எனின், இயலும். ஓசோன் படலத்தைக் காப்பதற்காக 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்பாடு செய்தன. அதனால் குளோரோபுளோரோகார்பனின் உற்பத்தி படிப்படியாகக் குறைந்தது. ஓசோன் படலமும் மெல்லத் தேறி வருகின்றது. அதே உடன்பாட்டால் புவி சூடேறுவதும் ஓரளவு தடைப்பட்டது. கரியமில வாயுவைக் குறைக்க 2015-இல் பாரிஸ் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. 2070-ஆம் ஆண்டிற்குள், காற்றில் சேர்க்கும் அளவும் காற்றினின்று நீக்கும் அளவும் ஒத்திருக்கச் செய்வதாக இந்தியா 2021-இல் அறிவித்தது. ஆரல்வாய்மொழியில் சுழலும் காற்றாலைகளும், கமுதியில் 2016-இல் அமைந்த சூரிய ஒளி மின் நிலையமும் அதற்கு வழிகாட்டுவன. எரிபொருளை வீணாக்காமையும், மரங்களைப் பேணுதலும், ஏரி குளங்களைத் தூர்வாரிக் காத்தலும் ஒவ்வோர் ஊராராலும் இயல்வன. சிறிதளவு நீரில் விளையும் சாமையும் கேழ்வரகும் வறண்ட காலத்தில் கைகொடுப்பன.

ஒருமுறை காற்றில் கலந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கும். பாட்டன் எரித்த நிலக்கரியின் வெம்மையைப் பேரன் தாங்குகின்றான். இன்று எரிப்பதன் வெம்மையை இனிப் பிறப்போர் தாங்குவர். முன்னோர் வெட்டிய ஏரியின் நீரை உண்டு வாழ்வோர், பின்வருவோர்க்கு வெம்மையை மட்டும் விட்டுச் செல்லுதல் அறமாகாது. போர்வையைத் தடிக்கச் செய்தவை மனிதர் கைகளே. மேலும் தடிக்காமல் காக்கவேண்டியவையும் அக்கைகளே.